கோழி எருப் பை

பிள்ளைகளே, இங்கே நோர்வேயில், சித்தப்பா வீட்டுக்குப் போக மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் ஏறுகிறேன். பெட்டியில் பலர் நிற்கிறார்கள். ஆனாலும் ஓர் இருக்கை காலியாகக் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெண்ணின் காலடியில் ஒரு பெரிய பை நிறையக் கோழி எரு. அந்த மணம் எனக்குப் பழக்கம்தான், போய் உட்காருகிறேன்.

அவர் மலாவி நாட்டவர். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், "கணவரின்ரை தோட்டத்துக்கோ?" என்று கேட்கிறேன்.

"ஏன், எனக்கெண்டு ஒரு தோட்டம் இருக்கக் கூடாதோ?" என்று சிரிக்கிறார்.

அவர்கள் ஊரில் இருவருக்கும் தனித்தனி நிலமாம். எரு முதலில் கணவரின் நிலத்துக்குத்தான். அங்கே விதைத்துக் களையெடுத்த பிறகே இவர் தன் நிலத்தில் கால் வைக்கலாம். அதற்குள் பாதி மழை போய்விடும். சோளமும் குறைவாகவே விளையும்.

"பொம்பிளையின்ரை கைக்கு விளையாது எண்டு மனுசன் பகிடி பண்ணுவார். இஞ்சை எங்கட பாத்தியள் பக்கத்துப் பக்கத்திலை. ரெண்டு பேரும் ஒரே நாளிலை உருளைக்கிழங்கு நடப்போறம். இந்த முறை பாப்பம்!"

ஊரில் நம் தோட்டத்திலும் வெங்காயத்துக்குப் பாய்ச்சி மிஞ்சிய தண்ணீர்தான் உங்கள் அம்மாவின் கத்தரிக்குப் போனது. கத்தரி காய்க்கவில்லை என்று நானும் பகிடி பண்ணியிருக்கிறேன்.

கடைசி நிலையத்தில் அவர் கணவர் காத்து நிற்கிறார். பையைத் தூக்கக் கை நீட்டுகிறார்.

அந்தப் பெண் பையை விடவில்லை. எனக்கும் விளங்கட்டும் என்று நோர்வேஜிய மொழியிலேயே சொல்கிறார்: "உங்களிட்டைத் தந்தால் எந்தப் பாத்திக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியும்."

பையின் மறுபக்கத்தை நான் பிடிக்கிறேன்.