தெற்கு பார்த்த கடற்கரை

நான் சிங்கப்பூர் வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, என்னோடு கயிறு பிடிக்கும் யூசோப் என்ற மலாய்க்காரர் என் தோளைத் தட்டி, "தம்பி, பேசோக் மக்கான் ஆங்கின்?" என்று கேட்டார். பேசோக் என்றால் நாளை, மக்கான் என்றால் சாப்பாடு, அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரியும். ஆங்கின் என்றால் என்ன என்று பக்கத்தில் நின்ற தமிழரைக் கேட்டேன். காற்று என்றார். எனக்குச் சுருக்கென்றது. புதிதாக வந்தவன்தானே, நாளைக்கு இவனுக்குக் காற்றுதான் சாப்பாடு என்று கேலி செய்கிறார் போலும் என்று நினைத்துவிட்டேன். "நான் ஒண்ணும் பட்டினி கெடக்கலைய்யா. காலையிலயே வயிறு முட்டச் சாப்புட்டாச்சு" என்று தமிழிலேயே வெடுக்கென்று சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "பாகுஸ், பாகுஸ்", நல்லது, நல்லது என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கடற்கரைக்கு உல்லாசமாகப் போய் வருவதைத்தான் மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நாம் காற்று வாங்குகிறோம், அவர்கள் காற்றைத் தின்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேடிக்கைதான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புதுமையாகத்தான் இருக்கும். மன்னார்குடிப் பக்கத்து ஆட்களான நமக்குக் கடல் எதற்கு? ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முழுக்குப் போட, தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க, மாசி மகத்துக்குச் சாமி பார்க்க. முழுகி எழுந்தோமா, ஈரத் துணியைப் பிழிந்தோமா, வண்டி ஏறினோமா என்று இருக்கும். மணலில் குடும்பத்தோடு உட்கார்ந்து சோறு தின்பது நம் ஊரில் இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நம் சனம் குடியிருக்கும் தேக்காவில் லாரி வந்து நிற்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்கையும் பிரியாணிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக ஏறிவிடுவார்கள். சிராங்கூன் ரோடு முழுக்கப் பாட்டும் கூச்சலுமாகப் போவார்கள். அதே தெருவில் மாடிச் சன்னலில் நின்றபடி முகத்தைச் சுளிக்கிறவர்களும் உண்டு. கேட்டால் மண் ஒட்டும், வெயில் கறுக்கடிக்கும், உப்புத் தண்ணீர் அரிக்கும் என்பார்கள். போகிறவர்களைக் கேட்டால் காற்று, வெளிச்சம், பிள்ளைகள் ஓடி விளையாட இடம் என்பார்கள்.

இரண்டு கட்சியும் சொல்வதை நான் நம்புவதில்லை. மணலும் வெயிலும் எல்லோருக்கும் ஒன்றுதானே. கடல் கடந்து வந்த நம் சனத்தில், கடல் யாருக்கு எதைச் செய்ததோ அதை வைத்துத்தான் அவர்களுக்குக் கடற்கரை பிடிக்கிறது, பிடிக்காமல் போகிறது. வாய் சொல்லும் காரணம் வேறு, உள்ளே இருப்பது வேறு. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் வீட்டிலேயே கண்டதைச் சொல்கிறேன்.

நான் வந்த இரண்டாம் வருஷம், கப்பல் கயிறு அறுந்து தெறித்து என் கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று யாரோ எழுதிப் போட, என் மனைவி செண்பகம் உடனே புறப்பட்டாள். எங்கள் ஒரே மகள் சிவகாமிக்கு அப்போது நாலு வயது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறப் போகும் சமயம் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. மாரியாத்தா வந்திருக்கும் உடம்பைக் கப்பலில் ஏற்ற டாக்டர் ஒப்பவில்லை. பிள்ளையா, புருஷனா என்று துறைமுகத்து வாசலில் வைத்து அவளை விதி கேட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள், எனக்கு இங்கே ஒருவரும் இல்லை. எனக்காகத்தான் வந்தாள். அடுத்த கப்பலில் அனுப்புகிறோம் என்றார்கள். தம்பிக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் சேர்த்துவிட்டோம், இந்த வருஷம் போகட்டும் என்று எழுதினார்கள். அப்புறம் இங்கே குடியேற்ற ஆபீசில் காகிதம் சரியாக இல்லை என்றார்கள். அந்த அடுத்த கப்பல் வர ஆறு வருஷம் ஆயிற்று.

தேக்காவில் ஒரு கடையின் மாடியில் சன்னல் இல்லாத அறை எங்களுக்கு. யூசோப்பின் வீடு காத்தோங் தாண்டிக் கடலோரத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்தது. கால் தேறியதும், வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா என்று அவர் கூப்பிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கித் தென்னந்தோப்பைத் தாண்டிய உடனே, செண்பகம் நேரே தண்ணீர் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவள் உதடு அசைகிறது. ஏதோ மந்திரம் என்று பக்கத்தில் போனேன். "சாப்டியா கண்ணு? சித்தி தல வாரி விட்டாளா? மழையில நனயாத" என்று பேசிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஒரு ஞாயிறு தவறக் கூடாது அவளுக்கு.

யூசோப் ஒருநாள், உன் வீட்டுக்காரி யாரோடு பேசுகிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து, "அனாக். சானா. லாவுட்" என்றேன். பிள்ளை, அங்கே, கடல். அவர் முகம் கறுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். மறுவாரம் அவர் மனைவி ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து, செண்பகத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, இன்னிக்கு இவங்களுக்கு என்ன பண்டிக? அழுதுகிட்டே பலகாரம் குடுக்குறாங்களே" என்று செண்பகம் என்னைக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யூசோப்பிடம் ஓடினேன். "ஹிடூப்! அனாக் ஹிடூப்!" உயிரோடு இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்று கத்தினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். செண்பகத்துக்கு இது எதுவும் தெரியாது. பலகாரத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் எனக்கு முன்பே ஒரு பயம் இருந்தது. அந்தக் கடற்கரை தெற்கு பார்த்தது. உட்கார்ந்தால் சூரியன் வலப்பக்கம் இறங்கும். நமக்குத் தெற்கு யாருடைய திசை? செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற திசை. என் தகப்பனாருக்கு அமாவாசை தோறும் நான் திரும்பி நிற்கிற அதே பக்கம் பார்த்து, உயிரோடு இருக்கிற பிள்ளையோடு இவள் பேசுகிறாள். வீட்டில் விளக்கைக்கூடத் தெற்குப் பார்த்து வைக்க மாட்டோம். ஊர் அந்தப் பக்கம் இருப்பதாக நினைக்கிறாள், பாவம், கப்பலில் வந்தவள், கடல் தெரிந்த இடமெல்லாம் ஊர் என்று எண்ணுகிறாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். சொன்னால் மனம் உடைந்து போவாள். ஒருமுறை மட்டும், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரேன்" என்று பார்த்தேன்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு? தென்னமரமும் சாக்கடையுந்தான்" என்றாள்.

அதனால் போக வேண்டாம் என்று சொல்ல வேறு காரணம் தேடினேன். "ஆறு நாளும் கடல்லதான் கெடக்குறேன், ஏழாம் நாளும் கடலா?" என்பேன். துறைமுகத்துக்காரனுக்குக் கடற்கரை பிடிக்காது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அவள் வாய் அசையும்போதெல்லாம் நான் பின்னால் நின்று, முருகா, அவள் சொல்வதை நீ மட்டும் கேட்டுக்கொள், வேறு ஒருவர் காதிலும் விழ வேண்டாம் என்று வேண்டிக்கொள்வேன். ஆறு வருஷமும் இப்படித்தான் போயிற்று.

முருகன் கேட்டுக்கொண்டான். சிவகாமி பத்து வயதுப் பெண்ணாக, ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு வந்து இறங்கினாள். செண்பகம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பெண் கட்டை மாதிரி நின்றாள். "பெரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவளை வளர்த்தவர்கள்தான் அவளுக்கு அப்பா அம்மா. அந்தக் கணக்குப்படி நாங்கள் பெரியப்பா பெரியம்மா. அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் அம்மா என்று வர வேண்டுமே. வரவில்லை. எது வேண்டுமானாலும் பக்கத்தில் வந்து நின்று "இந்தாங்க" என்பாள். தண்ணி குடுங்க, நீங்க சாப்புடுங்க, நான் எடுத்துக்குறேங்க. பெற்ற தாயை நம் வீடுகளில் எந்தப் பிள்ளை வாங்க போங்க என்கிறது?

"மருமவ மாதிரில்ல பேசுறா" என்று செண்பகம் அடுப்படியில் என்னிடம் முணுமுணுப்பாள். "மரியாதக்கி ஒரு கொறவும் இல்ல. எனக்கு எதுக்குங்க அந்த மரியாத?"

பெண் வந்தாகிவிட்டது, இனிக் கடற்கரை எதற்கு என்று நான் நிம்மதியாக இருந்தேன். செண்பகமோ அவளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றாள். ஆறு வருஷம் பேசிய இடத்தை அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. சிவகாமிக்கோ கடலைக் கண்டாலே ஆகவில்லை. "மண்ணு ஒட்டுது" என்று தென்னை மரத்தடியிலேயே நின்றுவிட்டாள். கப்பல் தட்டில் அத்தனை நாளும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவள் அல்லவா என்று செண்பகம் சமாதானம் சொன்னாள். எனக்கு அது மட்டும் என்று தோன்றவில்லை. செண்பகத்துக்கு அந்தக் கடல் பிள்ளைக்குப் போகும் வழி. பிள்ளைக்கு அதே கடல் தாயைப் பிரித்த வழி. ஒருத்தி ஆசைப்பட்டு ஓடுகிற இடத்துக்கு இன்னொருத்தி முதுகு காட்டுகிறாள். இதில் மணல் என்ன பாவம் செய்தது?

இப்போது அந்தப் பக்கம் குன்றுகளை வெட்டி மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்க்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்த இடம் இனிக் கரையாக இருக்காது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அப்போது சிவகாமி வந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியை விட்டுக் கொஞ்சம் இறங்கி வந்து, செண்பகத்துக்குப் பின்னால் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தாள். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"கடலப் பாருடி. நான் இங்கேருந்துதான் ஒங்கிட்ட பேசுவேன்" என்றாள் செண்பகம்.

"அந்தப் பக்கம் நம்ம ஊரு இல்லீங்க" என்றாள் பெண். "பள்ளிக்கூடத்துல சார் தேசப் படத்துல காட்டுனாங்க. அது தெக்கு. நேராப் போனா வேற தீவுதான் வரும். ஊரு இந்தப் பக்கம் இருக்கு." மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனுக்குக் கொஞ்சம் வலப்புறம், தென்னந்தோப்புக்கு மேலே கையை நீட்டிக் காட்டினாள்.

ஆறு வருஷமாக நான் மூடி வைத்ததைப் பிள்ளை ஒரே பேச்சில் போட்டு உடைத்துவிட்டது. செண்பகம் அழப்போகிறாள் என்று பக்கத்தில் போனேன். அவள் சிரித்தாள்.

"அது தெக்குன்னு எனக்குத் தெரியாதா? தெனம் வெளக்கு ஏத்துறவளுக்குத் தெச தெரியாதா?"

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு அங்க பாத்துப் பேசுன?" என்று நான்தான் பதறிக் கேட்டேன்.

"நாம போடுற கடுதாசி எதுல போவுது? கப்பல்லதானே? கப்பல் இந்தக் கடல்லதானே நிக்குது? என் பேச்சும் அதுகூடவே போவட்டும்னுதான்." அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஓ, இதுக்குத்தான் ஆறு வருசமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு நின்னீங்களா? தெக்கப் பாத்தா எமன்தானே? அவங்கிட்டயும் வாராவாரம் ஒரு வார்த்த சொல்லி வெச்சேன், எம்புள்ள இருக்குற பக்கம் எட்டிப் பாத்துடாதய்யான்னு. கேட்டுக்கிட்டான்ல?"

இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணி இவளுக்காக இரங்கிய நாட்களை எல்லாம் நினைத்தால் வெட்கமாக இருந்தது. எனக்குச் சாமியிடம் பேச மட்டும்தான் துணிச்சல் இருந்தது. அவள் எமனிடமே பேசியிருக்கிறாள்.

சிவகாமி முதல்முறையாகத் தலையைத் திருப்பினாள். "எங்கிட்ட என்ன பேசுவீங்க?"

"என்னத்தப் பேசுவேன். சாப்டியா, தூங்கினியான்னு கேப்பேன். இன்னிக்குக் கத்திரிக்காக் கொழம்பு வெச்சேன், ஒனக்குப் புடிக்குமோ புடிக்காதோம்பேன். ஒனக்குக் கேட்டுச்சா?"

பெண் யோசித்தாள். "கேக்கலங்க" என்றாள்.

"அதுவும் நல்லதுதான். கேட்டிருந்தா நீ அங்க அழுதிருப்ப."

செண்பகம் எழுந்து, பெண்ணுக்குப் பின்னால் போய், முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். கடலைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. பெண் விலகவில்லை.

"ஏதோ முணுமுணுக்குறியே. அந்தப் பக்கம் பாத்து யாருகிட்டடி பேசுற?"

"அம்மாகிட்ட."

செண்பகத்தின் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம்தான் அது வாடிற்று. பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "நானும் நல்லாருக்கியான்னு கேட்டேன்னு சொல்லு."

பெண் தென்னந்தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் தோப்புக்குள் இறங்கிற்று. அப்புறம் மெதுவாக, ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "யம்மா, இங்க அம்மா ஒன்ன நல்லாருக்கியான்னு கேட்டுச்சு."

கேட்டாங்க என்று சொல்லவில்லை. கேட்டுச்சு என்றாள்.

செண்பகம் தெற்கே பார்த்தபடி இருந்தாள், சிவகாமி ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தாள், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு. அவர்கள் பக்கத்தில் நான், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.