கை தூக்கினாலும் ஏறாத கோட்டு

ஹோட்டலில் முன்வாசலில் நிற்கிறவனுக்குக் கோட்டு உண்டு. பின்வாசலில் நிற்கிறவனுக்குக் கிடையாது. நான் சில வருடம் பின்வாசலில் நின்றேன்.

ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளைச் சேர்த்து ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்களே, அதில் ஒன்று. பின்வாசலில் காய்கறி லாரி உள்ளே வரும். அழுக்குத் துணியும் குப்பையும் வெளியே போகும். நான் கேட்டைத் திறப்பேன், மூடுவேன். வேலை அவ்வளவுதான்.

முன்வாசல் ஆள் வேலையை விட்டுப் போனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சீன அம்மா. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னை மேலும் கீழும் பார்த்தார். உயரம் இருக்கிறது, நாளையிலிருந்து முன்னால் நில் என்றார். நின்றேன்.

முன்வாசல் எனக்குப் பிடித்துவிட்டது. வருகிறவர்கள் வழி கேட்பார்கள். படகுத்துறை எங்கே, பஸ் எங்கே, காலையில் நல்ல ரொட்டி சானாய் எங்கே கிடைக்கும் என்பார்கள். எனக்குத் தெரியும். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். துறைமுகத்தில் சாக்கு தூக்கினேன், பிறகு கேட்டில் நின்றேன். எனக்குத் தெரிந்ததை அங்கெல்லாம் யாரும் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். நான் சொன்ன வழியில் போய்விட்டுத் திரும்பி வந்து, சரியாகச் சொன்னாய் என்றார்கள்.

கோட்டில்தான் தகராறு வந்தது. வேலையை விட்டுப் போனவருடைய கோட்டையே எனக்குக் கொடுத்திருந்தார்கள். பெரிய கோட்டு. சும்மா நின்றால் குறை தெரியாது. கார் கதவுக்குக் கையை நீட்டினாலோ, மழையில் குடையைத் தூக்கினாலோ மொத்தமும் மேலே ஏறும். காலர் காதுக்கு வரும். பொத்தான் நெஞ்சுக்கு வரும். கீழே சட்டை பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் ஒரு கல்யாண ஜோடிக்குக் குடை பிடித்தேன். படம் எடுத்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் படத்தில் நன்றாக விழுந்திருந்தார்கள். நான் கழுத்தே இல்லாத ஆள் மாதிரி இருந்தேன்.

மேனேஜர் அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். கோபப்படவில்லை. உடம்புக்குச் சரியாக ஒரு கோட்டு தைத்துக்கொள், செலவை ஹோட்டல் பார்த்துக்கொள்ளும் என்றார். மாதம் முடிகிற வரைக்கும் பார்ப்பேன், அப்புறமும் இப்படி ஏறினால் பின்வாசலுக்குப் போய்விடு, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பின்வாசலுக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை.

சூலியா ஸ்திரீட் பக்கம் ஒரு தையல்கடை இருக்கிறது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், என்னைவிடச் சின்னவர். வக்கீல்களுக்குக் கோட்டு தைக்கிறவர். சுத்தமான கை. அவரிடம் போனேன். அளவு எடுத்தார். மூட்டை சுமந்த தோள் என்று தொட்டவுடனேயே சொல்லிவிட்டார். வேலை செய்கிற கை, அதனால் கை நுழைகிற வளைவைத் தாராளமாக வெட்டிவிடுகிறேன் என்றார். கைக்குழி என்பார்கள் அதை. எனக்கும் சரியென்றுதான் பட்டது. தொளதொளவென்று இருந்தால் கை நன்றாகப் போகும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அடுத்த வாரம் போட்டுப் பார்க்க வரச் சொன்னார். வெள்ளை நூலில் பெரிய பெரிய தையலாக ஓட்டியிருந்தார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தோள் படிந்திருந்தது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. ஆள் எடுப்பாகத்தான் இருந்தேன். கடைக்காரர் என்னைச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

நான் குடை பிடிக்கிற மாதிரி வலது கையைத் தூக்கினேன். கோட்டு மொத்தமும் கூடவே வந்தது.

"கையத் தூக்காதீங்கண்ணே. கோட்டு போட்டவன் எவன் கையத் தூக்குறான்?"

"நான் தூக்குவேன். அதுக்குத்தான் சம்பளம்."

அவர் யோசித்தார். கைக்குழியை இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டினால் சரியாகிவிடும் என்று சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். வேண்டாம் என்றேன். பழைய கோட்டில் கைக்குழி இதைவிடப் பெரிது. அது இதைவிட மோசமாக ஏறியது. இன்னும் பெரிதாக்கினால் எப்படிச் சரியாகும்? இதைக் கேட்டேன். சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். நாளைக்கு வருகிறேன், அதுவரைக்கும் வெட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போனாள். அலமாரியிலிருந்து இரண்டு பிளவுஸ் எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். ஒன்று நன்றாகத் தைத்தது. இன்னொன்று, யாரோ ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்று மூன்று தீபாவளியாகத் திட்டிக்கொண்டிருக்கிறாளே, அது.

எது கெட்டது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை. கெட்டதை எடுத்துக் கைக்குழியை விரித்துக் காட்டினாள். மற்றதைவிட அது இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

"இதப் போட்டுக்கிட்டுக் கோயில்ல கையத் தூக்கிக் கும்பிட முடியாதுங்க. பாதி வயிறு வெளிய வந்துடும். அக்குள ஒட்டி வெட்டணும். துணி தொங்குனா கையோட சேந்து எல்லாம் மேல போகும்."

நல்ல பிளவுஸை அவள் கைக்குழி சின்னதாகப் பிடித்துத்தான் தைத்துக்கொள்வாள். அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் கொடியில் துணி காயப் போடுவாள். நானே பார்த்திருக்கிறேன். பிளவுஸ் இடத்தை விட்டு அசையாது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் அவளும் வந்தாள். இரண்டு பிளவுஸையும் பையில் போட்டு எடுத்து வந்தாள். கடையில் ஒரு வக்கீல் கால்சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று நான் ஓரமாக நின்றேன். அவள் நிற்கவில்லை. வெட்டுமேசையில் இரண்டையும் விரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

கடைக்காரர் பிளவுஸையும் பார்த்தார், வக்கீலையும் பார்த்தார்.

"அக்கா, இது கோட்டுலா. பிளவுஸ் இல்ல."

"கை கைதானே தம்பி? கோட்டுக்குன்னு அவருக்கு வேற கை மொளைக்குமா?"

வக்கீல் சிரித்துவிட்டார். கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வக்கீலை அனுப்பி வைத்துவிட்டு என்னைக் கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது என்று முணுமுணுத்தார். பிறகு தோள் தையலைப் பிரித்தார். தோளில் துணியை மேலே இழுத்து மடித்துக் குண்டூசி குத்தினார். கைக்குழியும் சேர்ந்து மேலே வந்தது. அக்குளில் வந்து முட்டியது.

கையைத் தூக்கினேன். கை மட்டும் போனது. கோட்டு நின்ற இடத்தில் நின்றது.

மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தோம். கடைக்காரர்தான் முதலில் பேசினார். குழி சின்னதாகிவிட்டது, இந்தக் கோட்டுக் கை இதில் உட்காராது, மேல்பக்கம் அகலம் வைத்துக் கை இரண்டையும் புதிதாக வெட்ட வேண்டும், கழுத்தையும் மாற்ற வேண்டும், நீளம் குறைந்ததற்கு அடியில் மடித்ததை இறக்கிவிடலாம் என்றார். துணி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அதெல்லாம் அவர் வேலை. எங்களுக்குத் தெரியாது. என் மனைவி பிளவுஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இறுக்குதுன்னு அப்பறம் வந்து நிக்கக்கூடாதுண்ணே."

"இறுக்கட்டும்."

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கோட்டு கைக்கு வந்தது. முதல் நாள் அக்குளில் கொஞ்சம் பிடித்தது. சாக்கு தூக்கியவனுக்கு அது ஒரு பிடிப்பே இல்லை. மறுநாள் பழகிவிட்டது.

கடைசி நாள் மத்தியானம் மழை கொட்டியது. ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒவ்வொருவராக உள்ளே கொண்டுபோய் விட்டேன். இன்னொரு கையில் பெட்டி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரியும். நான் அவரைப் பார்க்கவில்லை. காலர் கழுத்தை விட்டு நகரவில்லை. அது எனக்குத் தெரிந்தது. போதும்.

எல்லாரும் உள்ளே போன பிறகு வெளியே வந்தார். கோட்டின் தோள் மழையில் நனைந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். கடையைச் சொன்னேன். கைக்குழியை எப்படி வெட்ட வேண்டும் என்று சொன்னது என் மனைவி என்றும் சொன்னேன்.

ஒன்று போதாது, இது நனைந்தால் நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு நிற்பாய், இன்னொன்று தைக்கச் சொல், இதே மாதிரி, என்றார். உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ரெண்டு கோட்டையும் யாரு தொவைக்கிறது? நான் தொவைக்க மாட்டேன்."

ஹோட்டலிலேயே துவைத்துவிடுவார்கள் என்றேன்.

அப்படியென்றால் சரி என்றாள்.