கம்பெனி பஸ்ஸில் ஏறிய பெண்மணி

காஞ்சிபுரத்திலிருந்து செல்போன் கம்பெனிக்குப் போகும் எங்கள் பஸ், வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கிராமத்தில் நின்று பெண்களை ஏற்றிக்கொள்ளும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அங்கே ஒரு பெண்மணி தினமும் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒவ்வொருத்தியையும் நெல்லறுக்கக் கூப்பிட்டார். ஒருத்தியும் போகவில்லை.

நான்காம் நாள் பஸ்ஸுக்குள்ளேயே ஏறிவிட்டார்.

"பயிரு சாஞ்சி தண்ணியில கெடக்குதுமா. சேத்துல மிஷின் எறங்காது. பத்து பேரு வாங்கமா, கம்பெனிக் கூலிக்கு மேலயே தரேன்."

யாரும் நிமிரவில்லை. முன்சீட்டில் இருந்த நான்தான் பதில் சொன்னேன்.

"சொல்லாம லீவு போட்டா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கம்மா."

"நீ அறுத்திருக்கியா?"

"அறுத்திருக்கேன், எங்க ஊர்ல."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அவர் நின்றார். ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"நெல்லு பூரா மொளச்சிப்போச்சுமா. உங்க கம்பெனில எனக்கு எதனா வேலை இருக்குதா, கேட்டுச் சொல்லேன்."

எங்கள் கம்பெனியில் முப்பது வயதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை.

"கேக்கறேம்மா" என்றேன்.

அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்காரத் தொடங்கினேன்.