காலி ஜீப்

காலை எட்டு பத்து. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஜீப்பின் பின்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

மரவள்ளி பிடுங்கும்போது குச்சி குத்திக் கிழிந்த அக்காவின் வலது கண்ணில் தையல் போட்டிருந்தார்கள். வெள்ளிமலையில் உள்ள வீட்டுக்குப் போகலாம், ஆனால் வண்டி அதிகம் குலுங்கினால் தையல் விட்டுவிடும் என்றார் டாக்டர். பஸ்ஸில் இடிபட வேண்டாமென்று முழு ஜீப்பையும் வாடகைக்குப் பேசினேன். வழியில் யாரையும் ஏற்றக்கூடாது என்று ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலை பெயர்ந்து கிடந்தது. மெதுவாகப் போயும் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி எகிறியது. முன் இருக்கையில் அக்கா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநர் ஓரம்கட்டினார்.

"காலி வண்டி சார், அதான் குதிக்குது. சந்தை நாள்ல ஆளும் மூட்டையும் ஜாஸ்தி. அதுக்குன்னு பின்னால ரெண்டு பிளேட் சேத்துக் கட்டிக்கினு ஓட்டறேன்."

குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில், அவர் சொன்ன பிளேட்டுகள், வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே பாரம் இருந்தால் அவை வளைந்து கொடுத்து, பள்ளத்தின் அடியைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். எங்கள் எடைக்கு அவை அசையவே இல்லை. அடி நேராக இருக்கைக்கு வந்தது.

மலையடிவாரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டுச் சிலர் நின்றிருந்தார்கள். காசு வேண்டாம், ஏறுங்கள் என்று நானே இறங்கிக் கூப்பிட்டேன். ரேஷன் அரிசி மூட்டையோடு நின்ற பெண் நகரவில்லை.

"இன்னாத்துக்கு சும்மா ஏத்தறீங்க?"

"வெயிட்டுக்கும்மா" என்றார் ஓட்டுநர்.

"அப்ப நாங்க இன்னா மூட்டையா?"

"மூட்டையா இருந்தா இவ்ளோ கேள்வி கேக்காது. ஏறும்மா."

"சிரிப்பு காட்டாதீங்க, கண்ணு வலிக்குது" என்றாள் அக்கா.

எல்லோரும் ஏறினார்கள். அரிசி மூட்டையும் ஏறியது. அடுத்த பள்ளத்தில் வண்டி அமுங்கி, நிதானமாக எழுந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. கொண்டை ஊசி வளைவு தொடங்கும் இடத்தில் அக்கா தலையிலிருந்து கைகளை எடுத்தாள். பின்னால் சாமை விலையைப் பற்றிச் சண்டை தொடங்கியிருந்தது. அவளும் அதில் ஒரு வார்த்தை சொன்னாள்.

மறுநாள் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தார். தையல் விடவில்லை.