ஆட்டுக்காரி மகளுக்கு ஒரு நேர்த்திக்கடன்

பெருமைப்படுவது பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல வேளையாக அந்த வகுப்பில் பாதி நேரம் நான் ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மொட்டைப் பாறைக்குள் ஒரு ஊர் இருப்பது எனக்கு அப்போதே தெரியும். பிறகு அந்த ஊரை எழுதினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், மீசை அரும்பியவர்களும், தாவணி போட்டவர்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

இத்தனை மாயமும் எங்கிருந்து வருகிறது என்று இன்றும் கேட்கிறார்கள். நான் திண்டுக்கல்காரி என்பதுதான் என் பதில். தெருவுக்குத் தெரு பூட்டுப் பட்டறை. அரம் ராவுகிற சத்தத்தில் வளர்ந்தவளுக்குப் பூட்டிய கதவு இல்லாமல் கதை வராது. தோல் பதனிடுகிற ஷாப் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பொத்தும். என் கதையில் அரக்கன் வருவதற்கு முன்னால் வருகிற வாடை அதுதான். கிறிஸ்தவ வேதக்கார வீட்டுப் பெண்ணான நான், ஒரு தோழியோடு வீட்டில் சொல்லாமல் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறேன். மண்டபத் தூண்களில் ஆளைவிட உயரமாக, கை கையாக நீட்டிக்கொண்டு நிற்கிற உருவங்களைப் பார்த்தபின் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களையே பாறை நகரத்துக்குக் காவலாக நிறுத்தினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அப்பாவும் வாத்தியார். சென்னையிலிருந்து மாதம் இருமுறை வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் பத்திரிகையில் என் தொடர்கதை வந்தது. 'டீச்சர் பேய்க்கதை எழுதுகிறாள்' என்று பள்ளியில் பேச்சு வரக்கூடாது என்பதற்காக, பெயர் போடாமல் இரண்டு எழுத்து மட்டும் போடச் சொன்னார் அப்பா. ஆகவே தெருவில் யாருக்கும் தெரியாது.

என் கதாநாயகி அய்யலூர்ப் பக்கத்து ஆட்டுக்காரி ஒருத்தியின் மகள். காணாமல்போன குட்டியைத் தேடிக்கொண்டு மலைமேல் ஏறி, அங்கே உள்ள சுனையில் இறங்கி, பாறைக்குள் இருக்கிற நகரத்துக்குப் போய்விடுகிறாள். அம்மாக்காரி வெளியே சுனைக்கரையில் காத்திருக்கிறாள். ஏன் இளவரசியை எழுதவில்லை என்றால், நான் இளவரசியைப் பார்த்ததில்லை. அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுக்காரிகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சுருட்டுக் கொட்டகை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து புகையிலை சுற்றுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அஞ்சாம் வகுப்புவரை படித்த ஒருத்தி வேலை செய்யாமல் பத்திரிகை படிப்பாள். அவள் பங்குச் சுருட்டை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். என் கதை வருகிற இதழ் அவர்களுக்கு ஸ்டேஷன் கடையிலிருந்து உடனே வந்துவிடும். எனக்குத் தபாலில் மறுநாள்தான் வரும். எனவே என் கதையை முதலில் நானும் சுவருக்கு இந்தப் பக்கம் துவைகல்லில் உட்கார்ந்து காதால்தான் கேட்பேன். கதை தொய்ந்தால் அங்கே ஊர்வம்பு ஆரம்பித்துவிடும். நன்றாக இருந்தால் இலை கிழிக்கிற சத்தம்கூட நின்றுபோகும். இதைவிடக் கறாரான விமர்சகர்களை நான் பிற்பாடும் பார்த்ததில்லை.

கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அந்தப் பெண் உடம்பெல்லாம் அம்பு பட்டு நகர வாசலில் விழுகிறாள். தொடரும். கடைசி அத்தியாயத்தில் அவள் செத்துப்போகிறாள். அதையும் எழுதி அனுப்பியாகிவிட்டது. கல்லூரியில் படித்த என் அத்தை மகன் ஒருவன், 'சுபம் போட்டு முடிகிறதெல்லாம் இலக்கியமா?' என்று கேட்டிருந்தான். அவன் வாயை அடைக்கவே அவளைக் கொன்றேன். எழுதும்போது அழுதேன். அழுததை நினைத்து அன்றைக்கெல்லாம் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அம்பு பட்ட அத்தியாயத்தைப் படித்து முடித்ததும், கொட்டகையில் மூத்தவளான ஓர் அக்காவின் குரல் கேட்டது. ஒரு எழுத்தும் தெரியாதவள். ஒரு அத்தியாயமும் விடாமல் கேட்பவள்.

"அந்தப் புள்ள செத்தா போச்சு?"

"தெரியலக்கா. அடுத்த பொஸ்தகத்துலதான் போடுவாக."

"கதைதானக்கா, விடு" என்றாள் வேறொருத்தி.

"என்னடி கதைதான? இம்புட்டு நாளும் ராசா மகளுக்குத்தான் கத. இப்பத்தான் நம்மள மாதிரி ஒருத்தி, ஆட்டுக்காரி மக, கதைக்குள்ள வந்திருக்கா. ராசா மகளா இருந்தா எழுதுறவன் எப்பாடுபட்டாவது பொழைக்க வச்சிருவான். இவளுக்கு யாரு இருக்கா?"

பிறகு அவளே சொன்னாள்.

"அம்பு பட்ட சாமிக்கு ஒரு கெடா நேந்துக்கிட்டேன். அந்தப் புள்ள எந்திரிச்சு நடக்கட்டும். ஆடித் திருநாளுக்குக் கெடாவக் கொண்டுபோயி விடுறேன்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. காகிதத்தில் இருக்கிற பெண்ணுக்கு ஆட்டுக்கிடாவா? அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்ன 'எழுதுறவன்' நான்தானே.

அம்பு பட்ட சாமி என்றால் எங்கள் கோயிலில் உடம்பெல்லாம் அம்பு தைத்த சிலையாக நிற்கிற புனிதர். என் கதைக்கு அம்புகளை அந்தச் சுரூபத்தில் இருந்துதான் எடுத்தேன். அவர் அம்பால் சாகவில்லை என்பது எங்கள் ஊர் வேதக்காரப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். செத்தார் என்று விட்டுப்போன இடத்தில், ஒரு விதவை வந்து அவரை வீட்டுக்குத் தூக்கிப்போய் மருந்து போட்டுப் பிழைக்க வைத்தாள். அத்தை மகன்மேல் இருந்த கோபத்தில் அம்பை எடுத்துக்கொண்டு அந்த விதவையை விட்டுவிட்டேன்.

அந்த வாரமே அக்கா அய்யலூர்ச் சந்தைக்குப் போய்க் கிடா பிடித்து வந்துவிட்டாள். வேண்டுதல் பலிக்குமா என்ற சந்தேகமே அவளுக்கு இல்லை. கொட்டகை வாசலில் கட்டிப்போட்டிருந்த அந்தக் கிடா சும்மா கத்தாமல், நான் பேனாவைத் தொடும்போதெல்லாம் கத்தியது.

அப்பாவிடம் சொன்னேன். பத்திரிகை ஆசிரியர் கண்டிப்பானவர். அச்சுக்குப் போனதை மாற்றக் கேட்டவர்களுக்கு அதன்பின் இடம் கொடுத்ததில்லை என்று பேர். எனக்கு அடுத்த தொடரும் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"மாத்திக் கேட்டா அடுத்த தொடர் போயிரும். தெரியுமில்ல?" என்றார் அப்பா.

"தெரியும்."

"அதுக்கப்புறம் எழுதுறதே நின்னாலும் நிக்கும்."

"அவளச் சாக விட்டுட்டு என்னத்த எழுத?" என்றேன். எனக்கு வீம்பு அதிகம் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுத உட்கார்ந்தவள், வெயில் தாழும்போது முடித்தேன். அப்பா முதல் வேலையாக, மாற்றிய அத்தியாயம் வருகிறது என்று பத்திரிகைக்கு ஒரு தந்தி கொடுத்தார். பிறகு என்கூட ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, சென்னை வண்டியின் தபால் பெட்டியில், தாமதக் கட்டணத்துக்கு ஒட்டவேண்டிய தபால்தலையைத் தன் கையாலேயே ஒட்டி உறையைப் போட்டார். சென்னையிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.

அடுத்த இதழ் வந்த அன்று நான் பள்ளிக்கு லீவு. துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். எந்த அத்தியாயம் அச்சாகியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. படிக்கிறவள் ஆரம்பித்தாள். முதல் பத்தியை நான் மாற்றாமல் விட்டிருந்தேன், அதனால் ஒன்றும் புரிபடவில்லை. பழைய கதையில் அடுத்து சங்கு ஊதும், நகரம் அழும். சுவரில் காதை ஒட்டவைத்தேன்.

"அப்போது சுனைத் தண்ணீர் விலகியது. இடுப்பில் மருந்துப் பையோடு ஆட்டுக்காரி உள்ளே வந்தாள்" என்று படித்தாள்.

காவல்காரர்கள் கை கையாக நீட்டி மறிக்கிறார்கள். 'என் பிள்ளையைத் தொட எவனைக் கேட்கணும்?' என்று அவள் நடுவே நடந்து போகிறாள். ஒவ்வொரு அம்பாகப் பிடுங்கி, தழையைக் கசக்கிக் கட்டுகிறாள். பெண் கண் திறந்து, 'குட்டி கிடைச்சிருச்சும்மா' என்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இந்த அழுகையில் இலக்கியம் இருந்ததா என்று அத்தை மகனைத்தான் கேட்கவேண்டும்.

அம்பு பட்ட சாமிக்கு எடுக்கிற ஆடித் திருவிழாவில், நேர்ந்துவிட்ட ஆடு, கோழி, அரிசி, கத்தரிக்காய் எல்லாம் ஒரே சமையலாகி ஊருக்கே சாப்பாடு. எந்தச் சாதி, எந்த மதம் என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை. கிடாவை ஓட்டிவந்த அக்காவை, நேர்ச்சைக் கணக்குப் பார்க்கிற கோயில் உபதேசியார் நிறுத்தினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"யாருக்காக நேந்தது?"

"அம்பு பட்ட ஆட்டுக்காரி மகளுக்கு."

"எந்த ஊரு?"

"பாறைக்குள்ள இருக்குற ஊரு" என்றாள் அக்கா. உபதேசியாருக்குத் திருவிழா அவசரம். கிடாவை வாங்கிக் கட்டிவிட்டார்.

பந்தியில் அக்காதான் கறி பரிமாறிக்கொண்டு வந்தாள். "டீச்சரு, நல்லாச் சாப்புடுங்க. என் கெடாவும் இதுல இருக்கு" என்றாள். அதற்குமேல் என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"அக்கா, அந்தக் கதைய எழுதுறது நான்தான்."

கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசமா."

"எழுதுனது நீங்களா இருக்கலாம் டீச்சரு. பொழைக்க வச்சது சாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

பின்னால் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து 'அடுத்த தொடர் எப்போது?' என்று ஒரு வரி வந்தது. அதன்பின் எத்தனையோ தொடர்கள், மேடைகள், பொன்னாடைகள். எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு, ரெண்டு இலை தள்ளிப் போன அக்கா திரும்பி வந்து என் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.

"இது, அந்தப் புள்ளயோட ஆத்தாள உள்ள கூட்டியாந்ததுக்கு" என்றாள்.

அந்தத் துண்டை மட்டும் ஒதுக்கி வைத்திருந்து, கடைசியில் தின்றேன்.