பிரேக்கை இறுக்கியவன் நான்தான்

பண்டமாரானில் எங்கள் வீட்டு ரோட்டில் துறைமுக லோரிகள் ஓயாமல் ஓடும். அதற்குப் பயந்து, மனைவியின் சைக்கிள் பிரேக்கை நான்தான் இறுக்கிவைத்தேன். "சைக்கிள் ரொம்ப கனக்குதுங்க" என்று அவள் சொன்னபோதெல்லாம், "உனக்கு வயசாகுது லா" என்று சிரித்தேன்.

போன ஞாயிறு சங்கிலிக்கு எண்ணெய் விட சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பின்சக்கரத்தைச் சுழற்றினேன். அரைச்சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வியபடியே இருந்தது. இத்தனை மாதமும் அந்தப் பிரேக்கோடுதான் பாசாருக்குக் காய்கறி வாங்க மிதித்துப் போயிருக்கிறாள்.

கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிடித்தால் நின்றது, விட்டால் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல், "ஓட்டிப் பாரு" என்றேன்.

நாலு மிதி மிதித்தவள் திரும்பாமலே கத்தினாள்: "ஏங்க, பின்னாலருந்து தள்ளாதீங்க, விழுந்துடுவேன்!"

நான் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வயசு என்ற பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.