தோட்டத்து வாசல்

பிரசவ வார்டில் நான் நர்ஸ். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தேன். குழந்தையின் தாத்தா செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கை நீட்டினார். குழந்தைக்குத் தடவ அவர் வாங்கி வந்திருந்த விளக்கெண்ணெயின் வாடை மூக்கில் ஏறியது. முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்தான்.

அந்த வாடை என் அம்மாவின் கையில் எப்போதும் இருக்கும். உழவர்கரையை ஒட்டிய அந்த ஊருக்கே அப்பா முடிவெட்டினார், அம்மா பிரசவம் பார்த்தாள். இந்த மனுஷரின் மகன் கால் முன்னே வந்த பிள்ளை. அம்மா பகலெல்லாம் போராடி, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினாள். அம்மாவும் துணைக்கு நானும் போனதும் வந்ததும் வீட்டின் பின்பக்கத் தோட்டத்து வாசல் வழியாகத்தான். நாங்கள் வேலியைத் தாண்டுவதற்குள் இவர் கத்தியது இன்னும் காதில் எரிகிறது: "அவ உக்காந்த எடத்துல சாணித்தண்ணி ஊத்துங்கடி!"

தரைதான் தீட்டாம். அவள் கையில் பிறந்த பிள்ளையை மட்டும் வாரி அணைத்துக்கொண்டார்கள்.

இப்போது அவர் குழந்தையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீ? யாரு வூட்டுப் பொண்ணு?"

"உங்க பையனைக் கையில வாங்குனவளோட பொண்ணு," என்றேன். "நான் நிக்கிற எடத்துலயும் சாணித்தண்ணி ஊத்தணுமா, பெரியவரே?"